வாசற்படி மிதிக்காத உயிர்கள்

"உசுருக்குக் காலு உண்டா?"

போன ஐப்பசியில் ஒரு காலை நேரம். மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கோகிலாவிடம் அவள் கணவன் மருதுபாண்டி இப்படிக் கேட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம் என்றால் கையெல்லாம் சேறு.

"எந்த உசுருக்கு?"

"பொதுவாத்தான் கேக்குறேன். ஒடம்ப விட்டு வெளிய வந்தா அதுக்குக் காலு இருக்குமா, இருக்காதா?"

"காலு ஒடம்புலதானங்க இருக்கு. ஒடம்ப விட்டுட்டு வந்தா காலும் அங்கனதான கெடக்கும்."

மருதுபாண்டியின் முகம் மலர்ந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அப்படி மலரவில்லை.

"அதத்தான் சாமியும் சொன்னாரு. காலு இல்லன்னா, வாசப்படிய மிதிச்சதா ஆகாதுல்ல?"

இப்போது நினைத்தாலும் கோகிலாவுக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அந்தக் கேள்விக்குள் யார் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

மருதுபாண்டியின் அப்பா தங்கசாமி இருந்தார். முன்பு கமுதிப் பக்கத்தில் இவர்களோடுதான் குடியிருந்தார். ஒரு காதுகுத்து விருந்தில், சம்பந்தக்காரர்கள் எல்லாரும் பந்தியில் இருக்கும்போது, "எம்மகன் வெள்ளாமை பாத்தா களைதான் அமோகமா வெளையும்" என்று தமாஷாக ஒரு வார்த்தை சொன்னார். பந்தியே சிரித்தது. மருதுபாண்டி மட்டும் பாதிச் சோற்றில் இலையை விட்டு எழுந்துவிட்டான். எழுந்ததற்காக அப்பா கத்தினார். கத்தியதற்காக மகன் கத்தினான். முடிவில், "இனி ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார் அவர். "நீங்க இருக்கிற வீட்டு வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன்" என்றான் இவன். அன்று மாலையே பெரியவர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அபிராமத்தில் இருக்கும் இளைய மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வருஷங்கள் ஓடின. கோபம் எப்போதோ ஆறிப்போனது. வார்த்தை மட்டும் சூடாகவே இருந்தது. இந்தப் பக்கம் மழை பொய்க்கும், கண்மாய் பொய்க்கும், ஓட்டுக் கேட்டு வந்தவர் சொன்னது பொய்க்கும். கோபத்தில் சொன்ன வார்த்தை மட்டும் பொய்க்கவே கூடாது. அண்ணன் வாசலை மிதிக்காத தம்பி, சம்பந்தி வாசலை மிதிக்காத சம்பந்தி, ஒரே தெருவில் இருந்துகொண்டு தங்கை வாசலை மிதிக்காத அக்காள் என்று ஊருக்கு ஊர் ஆட்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் போக ஆசை. யாருக்கும் முதல் காலை எடுத்து வைக்க மனசில்லை.

வானம் பார்த்த இந்த பூமியில் இப்படி ஒரு மகசூல் அறுப்பாரின்றிக் கிடப்பதை ஒருவர் கண்டுகொண்டார். அவர்தான் அசையாச்சாமி.

தேவிபட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. முன்பு அங்கே இறால் பண்ணை நடந்தது. இறாலாவது வலையைக் கண்டால் துள்ளும். இப்போது அங்கே வந்து விழுந்தவர்கள் துள்ளவும் இல்லை. துள்ளக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் கூட்டம் வந்து இறங்கியது. வாசலில் செருப்பு மலையாகக் குவிந்தது. இளநீர்க் கடை வந்தது, பஜ்ஜிக் கடை வந்தது, சாமியின் படம் போட்ட சாவிக்கொத்து விற்கும் கடையும் வந்தது. ஊரெல்லாம் அசையாத சாமி, அந்தச் சாவிக்கொத்தில் மட்டும் சதா ஆடிக்கொண்டே இருந்தார்.

சாமியின் உபதேசம் எளிமையானது. உடம்பு அசையாமல் இருந்தால் உள்ளே இருக்கிற உயிருக்குச் சலிப்புத் தட்டும். ஆடாத ஊஞ்சலில் எந்தப் பிள்ளை உட்காரும்? இறங்கி ஓடிவிடும். அதே போல உயிரும் இறங்கி வெளியே போகும். அதற்குக் கால் கிடையாது, ஆகவே யார் வாசற்படியையும் மிதிக்காமல் உள்ளே போகலாம், பார்க்க வேண்டியவரைப் பார்க்கலாம், வரலாம். வாக்கும் கெடாது, மானமும் போகாது. இதைக் கேட்டதும் கொட்டகையில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பயிற்சியில் எச்சில் விழுங்கக் கூடாது, இருமக் கூடாது, சொறியக் கூடாது. அரிப்பு எடுத்தால் அது உயிர் கதவைத் தட்டுவதாம். கொசு கடித்தால் பூட்டு திறக்கிறதாம். கால் மரத்துவிட்டால் பாதி உயிர் வெளியேறிவிட்டதாம். பிறகு ஊசி குத்துகிற மாதிரி விறுவிறுவென்று வந்தால், போன உயிர் திரும்பி வருகிறதாம். அப்படிப் பார்த்தால், கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்து பாயசத்துக்குக் காத்திருந்த எல்லாருக்குமே இந்தப் பாதி முக்தி கிடைத்திருக்கிறது. பாவம், அது முக்தி என்று எடுத்துச் சொல்ல ஒரு சாமி இல்லாததால் அவர்கள் பாயசம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்தவர்கள் தூங்கினார்கள். தூங்கியவர்கள் கனவு கண்டார்கள். கனவில் பிரிந்துபோன அண்ணன் வந்தான். விழித்ததும், "போய்ப் பாத்துட்டு வந்துட்டேன் சாமி" என்று விம்மினார்கள். கனவே வராத துரதிர்ஷ்டசாலிகளுக்காகச் சாமியே தம் உடம்பை விட்டுப் போய், நேரில் பார்த்து வந்து சொன்னார். காணிக்கை மட்டும் தனி.

சாமி போகிறாரா, சும்மா இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? அதற்கும் சாட்சி இருந்தது. முனீஸ்வரன் என்று ஒரு ஓய்வுபெற்ற கம்பவுண்டர். வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவர். சோதிக்க வந்த முதல் நாளே சாமியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். துடித்துக்கொண்டிருந்த நாடி, சாமி கண்ணை மூடியதும் மெல்ல மெல்ல அடங்கி நின்றே போனது. கண்ணைத் திறந்ததும் மறுபடி துடித்தது. முனீஸ்வரன் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டார். அன்றிலிருந்து சாமிக்குப் பக்கத்தில் அவருக்கு நிரந்தர நாற்காலி. கம்பவுண்டரே சொன்ன பிறகு அப்பீல் ஏது?

மருதுபாண்டி வீட்டிலும் பழகினான். முன்கட்டில் சம்மணம் போட்டு மரம் மாதிரி உட்கார்ந்திருப்பான். ஒருநாள் அவன் முன்னால் பாயில் உலரவைத்திருந்த அரிசியைப் பக்கத்து வீட்டு ஆடு வந்து ஆற அமர மேய்ந்துவிட்டுப் போனது. கோகிலா வந்து கேட்டதற்கு, அந்நேரம் தான் உடம்பில் இல்லை என்றான். உடம்பு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தது என்று அவள் கேட்டாள். பார்த்தது கண், தான் இல்லை என்றான். ஆடு மட்டும் முழு உடம்போடு வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி அரிசி நனைக்கப் போனாள்.

காலையில் கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால் மனசு தெளியும் என்பதில் கோகிலாவுக்கும் மறுப்பில்லை. பேறுகாலத்துக்குப் பிறகு முதுகு வலிக்கு டாக்டர் சொல்லி அவளே அப்படி உட்கார்ந்திருக்கிறாள். மனசு தெளிவது வேறு, அபிராமத்துக்கு டிக்கெட் எடுப்பது வேறு என்பதுதான் அவள் கட்சி.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. கமுதியிலிருந்து கடற்கரைக்குப் போக மருதுபாண்டி பரமக்குடி பஸ்ஸைப் பிடிப்பான். அந்த பஸ் அபிராமம் வழியாகத்தான் போகும். அப்பா இருக்கிற தெரு முனையிலேயே நின்று ஆளை இறக்கி ஏற்றும். மருதுபாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொள்வான். பஸ் கிளம்பும். அப்புறம் இன்னும் இரண்டு பஸ் மாறி, கடலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வந்த வழியே அதே தெருவுக்குத் தன் உயிரை அனுப்பிவைக்கப் பாடுபடுவான்.

உயிர் போகவில்லை. சாமி போனார். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்விட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாராம். மகன் பேரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். கோபம் இன்னும் தணியவில்லையாம். இன்னும் சில வாரம் பழகினால், நீயே போய் அவர் மனசைத் தொடலாம் என்றார். கயிற்றுக் கட்டில் சங்கதியை முதல் நாளே சாமியிடம் சொன்னது தான்தான் என்பதை மருதுபாண்டி மறந்துபோனான்.

மாசி பிறந்தது. மிளகாய் செடியிலேயே பழுத்துத் தொங்கியது. பறிக்க ஆள் சொல்ல வேண்டியவன் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் அபிராமத்திலிருந்து சுகந்தி போன் செய்தாள். சுகந்தி இளைய மகனின் மனைவி. அவள் கணவனுக்குத் திருப்பூரில் வேலை; வீட்டில் அவளும் மாமனாரும்தான். ஆண்கள் பேச்சை நிறுத்திய நாளிலிருந்து இந்த இரண்டு மருமகள்களும் ஒருநாள் விடாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். வாசற்படிக்குத்தான் வாக்கு, செல்போனுக்கு இல்லையே.

"அக்கா, மாமாவுக்குக் காலு ரொம்ப மோசமா இருக்கு" என்றாள் சுகந்தி.

பிறகு அவள் சொன்னதைக் கேட்டுக் கோகிலா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலைக் கும்பிடப் போவதாகச் சொல்லி வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறும் மாமா, போய் உட்காருவது அசையாச்சாமி கொட்டகையிலாம். அவருக்கும் அதே வாக்கு, அதே வாசற்படி, அதே ஆசை. கமுதிப் பக்கம் போய் மூத்த மகனை ஒருதரம் பார்க்க வேண்டும், ஆனால் கால் படக் கூடாது.

சாமிக்குத் தெரியாமலா இருக்கும்? யாரைப் பார்க்கப் போகணும் என்பதுதானே அவர் கேட்கும் முதல் கேள்வி? பகையாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துவிடாதபடி ஆளுக்கொரு கிழமை ஒதுக்கிக் கொடுக்கும் அளவுக்கு அவருக்கு ஞானம் முற்றியிருந்தது. சனிக்கிழமை மகனிடம், உன் அப்பா முகத்தைத் திருப்புகிறார் என்றார். வியாழக்கிழமை அப்பாவிடம், உங்கள் மகன் உங்கள் பேரைக் கேட்டாலே எழுந்து போகிறான் என்றார். இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டால் இரண்டு காணிக்கை போச்சே.

கோகிலாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சுகந்தி அடுத்து சொன்னதில் அது நின்றுபோனது. தங்கசாமிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரைக்காரருக்குக் கால் தானே மரத்துப்போகும். சாமியோ, உட்கார்ந்த முதல் நாளே பாதி உயிரை வெளியே அனுப்பிய மகான் என்று அவரை மேடையில் ஏற்றிவிட்டார். மாத்திரை ரத்தத்தை ஆட்டும், ரத்தம் ஆடினால் உடம்பு ஆடும் என்று மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். வேப்பமரத்தடியில் பழகிக்கொண்டிருந்தவரின் பாதத்தைக் கட்டெறும்பு மொய்த்துக் கடித்திருக்கிறது. அவர் அசையவில்லை. வலி தெரிந்தால்தானே அசைவார்? இப்போது அந்தக் கடி புண்ணாகி, புண் கறுத்துக்கொண்டு வருகிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறார்.

"ஏன் வரலியாம்?"

"ஊசி போட்டா பயிற்சி கலஞ்சிருமாம். ஒரு தடவ மருது மொகத்த உள்ள போய்ப் பாத்துட்டு வந்துர்றேன், அப்புறம் நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வாரேன் தாயின்னு சொல்றாரு அக்கா."

கால் படாமல் மகன் வீட்டுக்குப் போக ஆசைப்பட்ட மனிதர், நிஜமாகவே கால் இல்லாமல் போய்விடுவார் போலிருந்தது.

புருஷனிடம் சொன்னால் அவன் சாமியிடம்தான் போய்க் கேட்பான். சாமி ஒரு பதில் வைத்திருப்பார். மாமாவிடம் சொன்னாலும் அதே கதைதான். கோகிலாவும் சுகந்தியும் போனிலேயே யோசித்தார்கள். அந்த வாரம் வியாழக்கிழமை கொட்டகை கிடையாது, சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள் என்று சுகந்தி தன் மாமனாரிடம் ஒரு பொய் சொன்னாள். நல்ல பொய். கேட்டவருக்குச் சேதமில்லாதது.

சனிக்கிழமை. கொட்டகை நிரம்பி வழிந்தது. மூத்த சீடர்களின் முன்வரிசையில் மருதுபாண்டி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் தங்கசாமி, பக்கத்தில் சுகந்தி. மேடையில் சாமி. வெள்ளை அங்கி, தொளதொளவென்று நீண்ட கை. பக்கத்து நாற்காலியில் முனீஸ்வரன்.

புருஷனோடு வந்திருந்த கோகிலா எழுந்து முன்னால் போனாள். எங்கள் மாமா இப்போது, இந்த நிமிஷம் என்ன செய்கிறார் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பணிவாகக் கேட்டாள். பெண்டாட்டிக்கும் நம்பிக்கை வந்துவிட்டதே என்று மருதுபாண்டிக்குக் கண் கலங்கியது.

சாமி கண்ணை மூடினார். கை இரண்டும் விலாவோடு ஒட்டின. முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்து நடந்தது, சாமி அசையவில்லை. முனீஸ்வரன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடி நின்றுவிட்டது என்று அறிவித்தார். கூட்டம் கைகூப்பியது. கொஞ்ச நேரத்தில் சாமி பெருமூச்சு விட்டுத் திரும்பி வந்தார்.

"அபிராமம் போனேன். பெரியவர் கயித்துக் கட்டில்ல சுவரப் பாத்துப் படுத்திருக்கார். மகனைப் பத்திச் சொன்னேன். மொகத்தைத் திருப்பிக்கிட்டார். இன்னும் தணியல."

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"நான் எப்பய்யா மொகத்தத் திருப்புனேன்?"

தங்கசாமி துண்டை எடுத்துவிட்டு நின்றார். மருதுபாண்டி திரும்பிப் பார்த்தான். கூட்டம் மொத்தமாகப் பின்னால் திரும்பியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நியாயமான ஊராக இருந்தால் முடிந்திருக்கும். ஆனால் சாமி ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. இரக்கத்தோடு புன்னகை செய்தார்.

"இங்க வந்து நிக்கிறது அவரோட ஒடம்பு. நான் பாத்தது அவரோட உயிரை. உயிர் இன்னும் கட்டில்லதான் கெடக்கு."

"ஆகா" என்றது கூட்டம். ஒரு அம்மாள் தங்கசாமியைப் பார்த்தே கும்பிட்டாள். மருதுபாண்டிகூட மெல்லத் தலையாட்டினான். கோகிலா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

தங்கசாமி நொண்டி நொண்டி நடந்து மேடைக்கு வந்தார்.

"அப்பன்னா இந்த ஒடம்புல உசுரு இல்லங்கிறீக?"

"இல்லை."

"பேசுதே?"

"பழக்கம்" என்றார் சாமி.

தங்கசாமி கொஞ்சம் யோசித்தார். இத்தனை வாரமாக அவர் யோசித்து யாரும் பார்த்ததில்லை. அசையாமல் இருப்பதில் மூளையையும் சேர்த்துக்கொண்டிருந்தார். இப்போது அது சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது.

மகன் சிறுவனாக இருந்தபோது நடந்ததை அவர் கூட்டத்துக்குச் சொன்னார். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க மருது அசையாமல் படுத்துக்கொள்வானாம். கூப்பிட்டாலும் எழமாட்டான், உலுக்கினாலும் எழமாட்டான், மூச்சைக்கூட அடக்கிக்கொள்வான். ஆத்தாக்காரி பயந்துபோய் அழுவாள். தான் மட்டும் ஒரே ஒரு வேலை செய்வாராம்.

"உசுரு இல்லாத ஒடம்புக்குக் கூச்சம் இருக்காதுல்ல சாமி? இன்னொரு தடவ போங்க. எங்க வேணாலும் போங்க. நீங்க போன பெறகு நான் ஒடம்பத் தொட்டுப் பாத்துக்கிறேன்."

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. சாமியின் மகிமை இன்னொருமுறை வெளிப்படப் போகிறதே. மாட்டேன் என்று சொல்ல சாமிக்கு வழியில்லை. கண்ணை மூடினார். கைகள் விலாவோடு ஒட்டின. முனீஸ்வரன் மணிக்கட்டைப் பிடித்தார், நாடி நின்றது.

தங்கசாமி உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்ட ஆரம்பித்தார். சாமி கல்லாக இருந்தார். பின்னால் தெரியவந்த ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம்: சாமி பூர்வாசிரமத்தில் மதுரைப் பக்கக் கல்யாண மண்டபங்களில் உடம்பெல்லாம் வெள்ளிச்சாயம் பூசிக்கொண்டு வாசலில் சிலையாக நின்று கூலி வாங்கியவர். எத்தனையோ கல்யாண வீட்டுக் குழந்தைகள் கிள்ளிப் பார்த்த உடம்பு. உள்ளங்காலெல்லாம் அவருக்கு எம்மாத்திரம்? தங்கசாமி முழங்காலுக்கு வந்தார். ஒன்றுமில்லை. இடுப்புக்கு வந்தார். ஒன்றுமில்லை. கூட்டம் அரோகரா போட ஆயத்தமானது.

பெரியவர் இரண்டு கையையும் அங்கியின் தொளதொள கைக்குள் விட்டு நேராகக் கக்கத்துக்குப் போனார்.

சாமியின் உதடு ஒருபக்கமாகக் கோணியது. தோள் குலுங்கியது. கை ஒரு சாண் விலகியது. அங்கிக்குள்ளிருந்து ஓர் எலுமிச்சம்பழம் விழுந்து, மேடையில் உருண்டு, விளிம்பிலிருந்து குதித்து, முன்வரிசைக்குப் போனது. அதன் பின்னாலேயே மறுபக்கத்துப் பழமும் விழுந்தது.

"நாடி வந்திருச்சு" என்றார் முனீஸ்வரன், இன்னும் மணிக்கட்டை விடாமல்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கக்கத்தில் எதையாவது வைத்து இறுக்கினால் கைக்கு ஓடும் ரத்தம் தடைப்படும், மணிக்கட்டில் நாடி தெரியாது. கழுத்தில் கை வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதை எழுந்து நின்று கூட்டத்துக்கு விளக்கினார். முதல் நாளே விளக்கியிருக்கலாம். ஆனால் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தவருக்குக் கழுத்து எட்டவில்லை.

இதில் மெச்ச வேண்டியது சாமியைத்தான். இவ்வளவுக்கும் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தால் பதில் சொல்ல வேண்டுமே. வாழ்க்கையிலேயே உண்மையான அசைவின்மையை அப்போதுதான் அடைந்திருந்தார். தங்கசாமி மறுபடி விரலை நீட்டினார். தொடவே இல்லை, நீட்டியதுமே சாமி கிக்கிக்கீ என்று சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு எழுந்தார். மேடைக்குப் பின்னால் இருந்த தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். இந்த முறை உடம்பை விட்டுவிட்டுப் போகவில்லை. மறக்காமல் கூடவே எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டம் கொதித்தது. காணிக்கையைத் திருப்பிக் கொடு என்று சிலர் சீடர்களைப் பிடித்தார்கள். ஒருவருக்கொருவர் யார் யாரைப் பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டபோது, வியாழன், வெள்ளி, சனி என்று பிரித்து வைத்திருந்த பகையாளிகளின் கணக்கு வெளியே வந்தது. இரண்டு சகோதரிகள் அங்கேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். கும்பிட்ட அம்மாள் மட்டும் அந்த எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி, கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். சாமி கக்கத்துப் பழமாம். ராசியாம்.

கோகிலா அதைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு இருந்தது சிரிப்பு. இப்போது கோபம் வந்தது. மேடையில் ஏறினாள்.

"இம்புட்டு நாளா ஒடம்ப விட்டு வெளிய போறதுக்குப் பழகுனீகள்ல. ஒரு நாளைக்காவது அவுகவுக மண்டைக்குள்ள போய்ப் பாருங்க. அங்கன ஒண்ணு சும்மா கெடக்கு. அத அசைச்சா யாரும் காணிக்கை கேக்க மாட்டாக."

அந்த அம்மாள் முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கொட்டகை மெல்லக் காலியானது. தங்கசாமி மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கால் தாங்கவில்லை. முன்வரிசையில் மருதுபாண்டி இருந்த இடத்திலேயே இருந்தான். தலை கவிழ்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. இரண்டு பேரும் கோகிலாவைத்தான் பார்த்தார்கள்.

"தாயி, அவன எந்திரிக்கச் சொல்லு. காலு மரத்துப் போயிரும்" என்றார் அப்பா.

"அவுக காலுல என்ன கட்டுன்னு கேளு" என்றான் மகன்.

"நான் என்ன செல்போன் டவரா? நேராப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, சுகந்தியைக் கூட்டிக்கொண்டு கோகிலா ஆட்டோ பிடிக்க வாசலுக்குப் போனாள். போவது போலப் போய், கதவோரம் நின்றுகொண்டாள்.

மருதுபாண்டி எழ முயன்றான். முடியவில்லை. காலையிலிருந்து சம்மணம் போட்ட கால்கள் இரண்டும் மரக்கட்டையாகியிருந்தன. கையை ஊன்றி, பிள்ளை தவழ்வது போல, சிமெண்டுத் தரையில் உடம்பை இழுத்துக்கொண்டே அப்பாவிடம் போனான். அவர் பாதத்தைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தான். தங்கசாமி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவன் விடவில்லை. புண்ணைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். எறும்பு கடித்துக் கறுத்துப்போன அந்த இடத்தில் விரலை வைத்து, வலிக்கிறதா என்று கண்ணாலேயே கேட்டான். அவர் இல்லை என்று தலையாட்டினார். அந்த 'இல்லை'தான் அவனை உடைத்தது.

"மிளகா பறிச்சாச்சால?" என்று கேட்டார் தங்கசாமி. அவருக்கு வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

"இல்லய்யா. களைதான் வெளஞ்சு கெடக்கு."

அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மருதுபாண்டி துணியை மறுபடி சுற்றினான். முடிச்சு விழவில்லை; மறுபடி போட்டான். இத்தனை வருஷமாக ஒவ்வொரு சோற்றுப் பிடியோடும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தது இப்போது மேலே ஏறி வந்தது. அதைச் சொல்லக் காலும் வேண்டியிருக்கவில்லை, தவமும் வேண்டியிருக்கவில்லை. வாய் ஒன்று போதுமானதாக இருந்தது.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் தூக்கிக்கிட்டு வாரேன். அப்புறம், நான் சொன்னதும் நீங்க சொன்னதும் எங்கனயோ கெடக்கட்டும். அய்யா, நம்ம வீட்டுக்கு வந்துருங்கய்யா."